பிறர் இங்கிலீஷில் பிழைத்துக்கொண்ட அத்தாவுக்கு

என் பிரியமுள்ள அத்தா,

முதலில் தோட்டத்துச் சேதி. அதைச் சொல்லாமல் வேறு எதை ஆரம்பித்தாலும் நீங்கள் காது கொடுக்க மாட்டீர்கள். சுருளிப்பட்டித் தோட்டத்தில் கவாத்து முடிந்து கொடி திரும்பவும் துளிர்த்துவிட்டது. சின்னத்தாதான் பார்த்துக்கொள்கிறார். விடிந்ததும் போய் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பொறுமை உங்கள் தம்பிக்கு ஏது? பந்தலுக்கு வெளியே நின்று போனில் பேசிவிட்டு வந்துவிடுகிறார். ஆனாலும் கொடி அவரையும் நம்பித் துளிர்த்திருக்கிறது.

அம்மாவுக்கு இத்தா முடிந்துவிட்டது. உங்களுக்காக அத்தனை மாதம் வீட்டுக்குள்ளேயே துக்கம் காத்தவள், முதல் நாள் வாசலுக்கு வந்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். "எங்கன போறது?" என்று என்னைக் கேட்டாள். கடைக்குப் போகலாம், உத்தமபாளையத்து மாமி வீட்டுக்குப் போகலாம் என்று ஏதேதோ சொன்னேன். "அங்கனயெல்லாம் ஒங்கத்தா இல்லாம எப்பப் போயிருக்கேன்?" என்று திரும்ப உள்ளே போய்விட்டாள்.

நான் கம்பத்தில் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன். அதுதான் எனக்குப் பாடு. நீங்கள் போன பிறகு வேறு வார்டு கேட்டேன், மாற்றிக்கொடுத்தார்கள். ஆனால் உள்ளே போக வாசல் ஒன்றுதானே? உங்களை வண்டியிலிருந்து இறக்கிய அந்த கேஷுவாலிட்டி வாசலைத் தாண்டித்தான் தினமும் டியூட்டிக்குப் போகிறேன். ஸ்ட்ரெச்சர் சக்கரம் கடகடவென்று உருளும் சத்தம் கேட்டால் நெஞ்சை அழுத்துவதற்குப்போல் கை தானாகவே கோத்துக்கொள்கிறது. இந்த வாசல் இல்லாத ஊரில் வேலை பார்க்க வேண்டும், அத்தா. வெளிநாட்டுக்குப் போ என்று முதலில் சொன்னது நீங்கள். போயே ஆக வேண்டும் என்று இப்போது நிற்பது நான்.

தேனி அல்லிநகரத்தில் நீங்கள் சேர்த்துவிட்ட அந்த இங்கிலீஷ் வகுப்பை நான் விடவில்லை. ஆஃப் கிடைக்கிற நாளெல்லாம் தேனி பஸ் ஏறிவிடுவேன். வகுப்பிலிருந்து திரும்பியதும் நீங்கள் என்னைப் படுத்தும் பாடு ஞாபகம் இருக்கிறதா? "ஏத்தா, எங்க, நாலு வார்த்தை பேசு பாப்போம்" என்பீர்கள். பேசினால், "இதுக்கா பஸ் ஏறிப் போற? நான் மலையாளத்த எந்தக் கிளாசுல போயிப் படிச்சேன்? கோட்டயத்துல லோடு எறக்குனேன், வந்துருச்சு" என்பீர்கள். அந்தக் கேலி இல்லாத வீட்டுக்குத் திரும்புவது என்னவோபோல் இருக்கிறது.

நீங்கள் போன பிறகு நான் வகுப்புக்குப் போன முதல் நாள் நடந்த பாடம்தான் இந்தக் கடிதத்துக்கே காரணம். அயர்லாந்து ஆஸ்பத்திரிகளின் இன்டர்வியூவில் நம்முடைய அனுபவத்தைக் கேட்பார்களாம். "ஹேவ் யூ எவர்" என்று ஆரம்பிப்பார்களாம். எப்போதாவது இப்படிச் செய்திருக்கிறாயா, எங்கேயாவது இதைப் பார்த்திருக்கிறாயா என்கிற மாதிரி. நாம் "ஐ ஹேவ்" என்று பதில் சொல்ல வேண்டும். எங்கள் சார் இளவயதுக்காரர், வாய்க்காரர். "தேதி, கிழமையெல்லாம் அவுகளுக்கு வேணாம். போயிருக்கேன், பாத்திருக்கேன், செஞ்சிருக்கேன்னு நம்ம பேச்சுல சொல்றமா இல்லையா? அம்புட்டுத்தான். ஒங்க வாழ்க்கையில அது இருக்கா, இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

பிறகு ஒவ்வொருத்தியாக எழுப்பிக் கேட்டார். ஹேவ் யூ எவர் ஏரோப்ளேனில் போயிருக்கிறாயா? நோ சார். பனி பார்த்திருக்கிறாயா? நோ சார். மேடையில் பேசியிருக்கிறாயா? நோ சார். வகுப்பில் இருந்தவர்கள் அத்தனை பேரும் நர்ஸ்கள், எல்லாரும் இந்தப் பள்ளத்தாக்குப் பிள்ளைகள். ஹாஸ்டலிலிருந்து டியூட்டிக்கு, டியூட்டியிலிருந்து ஹாஸ்டலுக்கு என்று இருப்பவர்கள். சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாத்துக்கும் நோன்னா, நீங்க பொறந்து வளந்ததுக்கு என்னதான் அத்தாட்சி?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் உங்களை நினைத்துக்கொண்டேன். நீங்கள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் சாரை வீட்டுக்கு விட்டிருப்பீர்களா? சங்கனாச்சேரி பாத்திருக்கேன், குமுளி மலையில யானைக்கு வழி விட்டு ராவெல்லாம் வண்டியில முழிச்சிருக்கேன், மழைக்குள்ள லோடோட ரோட்டுல கெடந்திருக்கேன் என்று அடுக்கியிருப்பீர்கள்.

கடைசியில் என்னிடம் வந்தார். ஆஸ்பத்திரிக்கு வெளியே யாருக்காவது உயிர் காக்கும் சிகிச்சை கொடுத்திருக்கிறீர்களா என்றார். எனக்கு அப்போது மனசு பச்சைப் புண்ணாக இருந்தது. யெஸ், ஐ ஹேவ் என்றேன். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

அங்கே சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அன்றைக்கு நடந்ததில் பாதி உங்களுக்குத் தெரியாதே. அறுவடை பார்க்க நானும் தோட்டத்துக்கு வந்திருந்தேன். பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து, "நெஞ்சு கரிக்குது, ஒரு சோடா வாங்கியாரச் சொல்லு" என்றீர்கள். அவ்வளவுதான். சோடா வருவதற்குள் சாய்ந்துவிட்டீர்கள். திராட்சைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த குட்டியானை வண்டி பக்கத்திலேயே நின்றது. பாதிப் பெட்டிகளை வரப்பில் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உங்களைக் கிடத்தினோம். வண்டிக்கார அண்ணன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. நான் உங்கள் பக்கத்தில் முட்டி போட்டு நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தேன். வண்டி குலுங்கி, பழம் நசுங்கி, முட்டிக்குக் கீழே ஒரே பிசுபிசுப்பு.

உங்கள் சட்டைப் பையில் இருந்த பிரஷர் மாத்திரை அட்டை என் உள்ளங்கையில் குத்தியது. சாப்பிட்டுவிட்டேன், சாப்பிட்டுவிட்டேன் என்று எங்களிடம் சொன்ன மாத்திரைகள் அத்தனையும் அட்டையில் அப்படியே இருந்தன. ஏன் அத்தா? நர்ஸ் இருக்கிற வீட்டில் மாத்திரை எதற்கு என்று கேலி பேசுவீர்களே, அதை நிஜமாகவே நம்பிவிட்டீர்களா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. கோபத்தோடுதான் அழுத்தினேன். கேஷுவாலிட்டிக்குள் போன பிறகும் அழுத்தினேன். டியூட்டி டாக்டர் வந்து பார்த்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்து எடுத்தார். "சிஸ்டர், விடுங்க. போதும்" என்றார். தோட்டத்திலேயே முடிந்திருக்கும் என்று பிற்பாடு சொன்னார்.

இதை நான் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் சொல்லி முடித்தேன். சார் மெதுவாக, "நல்லாச் சொன்னீங்க மேடம். ஆனா கடைசியில மட்டும் லேசா மாத்திக்கிருங்க. இன்டர்வியூவுல பேஷண்ட் பொழைக்கணும்" என்றார்.

"அது பேஷண்ட் இல்ல சார். எங்கத்தா" என்றேன்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அடுத்த மாதம் ஒருநாள் வகுப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்து பிரியா ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பிரியாவை உங்களுக்குத் தெரியாது. மேகமலை எஸ்டேட்டில் தேயிலைத் தொழிலாளிகளின் லைன் வீட்டுப் பிள்ளை. சின்னமனூரில் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறாள். என்னை அக்கா, அக்கா என்று சுற்றி வருவாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறாள்: என் தகப்பனார் திராட்சைத் தோட்டத்தில் மயங்கி விழுந்தார். வண்டியில் பெட்டிகளுக்கு நடுவே அவரைக் கிடத்தினேன். ஆஸ்பத்திரி வாசலில் அவர் கண் திறந்தார். ஐ ஹேவ் சேவ்டு மை ஃபாதர்ஸ் லைஃப்.

அந்தப் பிள்ளை பிறந்து வளர்ந்தது தேயிலைக்குள். திராட்சைப் பந்தலுக்கு அடியில் ஒருதடவை குனிந்து போயிருப்பாளா?

விசாரித்தால் கதை பெரிதாக இருக்கிறது. சார் என் அனுபவத்தைத் தன் குரலில் அழகான இங்கிலீஷில் பதிவு செய்து, மாதிரிப் பதில் என்று எல்லார் போனுக்கும் அனுப்பியிருக்கிறார். முடிவை மட்டும் மாற்றிவிட்டார். எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் உங்களைத்தான் சொல்கிறது, அத்தா. போடிக்காரி திராட்சையை எடுத்துவிட்டு ஏலக்காய் மூட்டை போட்டுக்கொண்டாள். கூடலூர்ப் பிள்ளை உங்களைத் தாய்மாமா ஆக்கிவிட்டாள். ஒருத்தி நீங்கள் கண் திறந்ததும் இளநீர் கொடுத்தாள். யார் சொன்னாலும் நீங்கள் பிழைத்துக்கொள்கிறீர்கள். நான் சொன்னால் மட்டும்தான் சாகிறீர்கள்.

சாரிடம் சண்டைக்குப் போனேன். நான் சத்தம் போட்டுப் பேசி நீங்கள் பார்த்ததில்லையே, அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்.

"ஒங்க அத்தா பேரு, ஊரு எதையாச்சும் சொன்னேனா மேடம்?" என்றார் அவர்.

"பேரு சொல்லலைன்னா அது எங்கத்தா இல்லையா சார்?"

"கோவப்படாம கேளுங்க. இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்றதுக்கு என்ன இருக்கு? வெளிய தெருவ விட்டுருக்காகளா, நாலு பேரோட பேச விட்டுருக்காகளா? என்ன பாத்திருக்கேன்னு கேட்டா முழிக்குதுக. இன்டர்வியூ பேனல்ல தோத்துட்டு வந்து எங்கிட்ட அழுகுதுக. நான் என்ன செய்ய?"

அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. அந்தப் பதிவை அழித்துவிடுவதாகச் சொன்னார். போனில் அழிக்கலாம். மனப்பாடம் ஆனதை எப்படி அழிப்பார்?

இன்டர்வியூ பட்டியல் வந்தது. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே நாள். பிரியாவும் நானும் அடுத்தடுத்து. அவள் உங்களைப் பிழைக்க வைத்துவிட்டு வெளியே வருவாள். நான் உள்ளே போய், அதே திராட்சைப் பெட்டிகளுக்கு நடுவே நீங்கள் செத்ததைச் சொல்வேன். யாரை நம்புவார்கள்? இரண்டாவதாகச் சொல்கிறவள்தானே களவாணி?

பிரியாவை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். "வேற ஏதாவது சொல்லு பிரியா. ஒனக்குன்னு ஒண்ணுமே நடந்ததில்லையா?" என்றேன்.

"எனக்கு என்னக்கா நடந்திருக்கு? ஒண்ணுமில்ல."

"ஒங்கப்பா என்ன பண்றாரு?"

டீயைக் கீழே வைத்தாள். அவள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அவள் அப்பா போய்விட்டாராம். நெஞ்சுவலிதான். "லைன் வீட்டுல வச்சு வலி வந்துருச்சு. நல்ல மழை. கீழ எறங்க வண்டி கெடைக்கல. ஒரு வண்டி வந்துச்சு, அது பாதி ரோட்டுல நின்னு போச்சு. நான் சின்னமனூர்ல காத்துக் கெடந்தேன்க்கா, வந்துருவாரு, வந்துருவாருன்னு. நான் நர்சுக்குப் படிக்கிறேன். எங்கப்பா நெஞ்சுல கைய வைக்க ஒரு ஆளு இல்ல."

டீயை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"ஒங்க கதைய ஏன் எடுத்தேன்னு சொல்றேன்க்கா. அதுல அப்பா எந்திரிச்சு உக்காருறாருல்லக்கா. ஒவ்வொரு தடவ சொல்லும்போதும் எந்திரிச்சுர்றாரு. வேணாம்னா விட்டுர்றேன்." அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டீ ஆறிப்போச்சு" என்றாள்.

அதற்குமேல் அவளிடம் எப்படிக் கோபப்பட முடியும்? "நீயே சொல்லிக்க" என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் சொல்லவில்லை. நீங்கள் என்னுடைய அத்தா. உங்களை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு இல்லை. இருவரும் ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறினோம்.

வகுப்பு நடக்கிற அதே மாடியில், கம்ப்யூட்டர் வழியாக இன்டர்வியூ நடந்தது. பிரியாதான் முதலில். கதவு திறந்து வெளியே வந்தவளின் முகம் வீங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எங்கப்பாவையே சொல்லிட்டேன். மழையையும் வண்டி வராததையும் சொல்லிட்டேன். முடிக்கக்கூட முடியல, அழுதுட்டேன்" என்றாள். எனக்காக விட்டுக்கொடுத்தாளா, இல்லை அவளுக்கே தாங்க முடியாமல் போய்விட்டதா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் நேரமில்லை. என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இப்போது பாதை எனக்குச் சுத்தமாக இருந்தது. உங்கள் உண்மையை நான் சொல்லலாம். அதற்குத்தானே இத்தனை சண்டை போட்டேன்? திரையில் இரண்டு பேர். கேள்வி கேட்டவர் நரைத்த முடியுள்ள ஒரு அம்மா, சிரித்த முகம். எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார். யெஸ், ஐ ஹேவ் என்று ஆரம்பித்தேன். தோட்டம், வண்டி, பெட்டிகள், ஹாரன் எல்லாம் வரிசையாக வந்தன. கேஷுவாலிட்டி வாசல் வந்தது. அங்கே டாக்டர் என் கையைப் பிடிக்க வேண்டும். "போதும்" என்று சொல்ல வேண்டும்.

அத்தா, அந்த இடத்தில் நான், "என் தகப்பனார் கண் திறந்தார்" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன்? அத்தனை பேர் வாயில் கேட்டுக் கேட்டு நாக்கு அந்தத் தடத்திலேயே போய்விட்டதா? வேலை கிடைக்காமல் போய்விடும் என்று பயந்தேனா? இரண்டும் இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வேறொன்று தோன்றியது. இவர்கள் எல்லார் வாயிலும் பிழைக்கிற அத்தா என் வாயில் ஒருதடவை பிழைத்தால் என்ன? எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான், ஆசை.

அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இப்போது உன் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அது சார் சொல்லிக்கொடுத்ததில் இல்லாத கேள்வி. நானே சொன்னேன். தோட்டத்துக்குத் திரும்பிப் போய்விட்டார், மாத்திரையை இன்னும் ஒளித்துத்தான் வைக்கிறார், என் இங்கிலீஷைக் கேலி செய்கிறார் என்று. அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். எங்கேயும் தடுமாறவில்லை நான். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல இங்கிலீஷ் பேசியதில்லை.

வேலை கிடைத்துவிட்டது, அத்தா. சார் மிட்டாய் வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார். "நான் அப்பவே சொன்னேன்ல மேடம், பொழைக்கணும்னு" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிரியாவுக்கு இன்னும் பதில் வரவில்லை. மார்க் குறைவு என்கிறார்கள், பேனலில் அழுதது சரியில்லை என்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னவள் சின்னமனூரில் காத்துக்கொண்டிருக்கிறாள். நான் பயணத்துக்குப் பெட்டி வாங்கப் போகிறேன். இது எந்த ஊர் நியாயம்?

போன வாரம் வேலைக்கான ஆர்டர் மெயிலில் வந்தது. கேள்வி கேட்ட அந்த அம்மாதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அடியில் தனியாக ஒரு வரி. உன் தகப்பனாருக்கு என் அன்பான வணக்கத்தைச் சொல் என்று.

வீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன எழுதியிருக்காக, படி" என்றாள். வேலை விவரமெல்லாம் சொன்னேன். அந்த வரி வந்ததும் நிறுத்திவிட்டேன். அம்மாவிடம் எதை மறைக்க முடியும்? என் முகத்தைப் பார்த்தாளோ இல்லையோ, "கீழ இன்னும் ஏதோ இருக்கே" என்றாள்.

"அத்தாவுக்கு சலாம் சொல்லியிருக்காகம்மா."

"ஒங்கத்தா மவுத்தானது அவுகளுக்குத் தெரியாதா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. "கண்ண முழிச்சு, பெறகு என்ன செஞ்சாகன்னு சொன்னே?" என்று கேட்டாள்.

"தோட்டத்துக்குப் போய்ட்டாகன்னு சொன்னேன். மாத்திரைய ஒளிச்சு வைக்கிறாகன்னு."

அம்மா சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்தபடியே முந்தானையை வாயில் வைத்து அழுதாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்வதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

பிறகு எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தாள். "அது கெடக்கட்டும். ஒருத்தருக்குன்னு சலாம் சொல்லி விட்டா அது அமானிதம். நம்ம கையில வச்சிருக்கக் கூடாது. போயிச் சேத்துரு" என்றாள்.

"அவுக நம்ம ஆளுக இல்லையேம்மா. சும்மா மரியாதைக்கு எழுதுறது."

"யாரு சொன்னா என்ன? மனசாரச் சொன்னாகளா இல்லையா? அப்ப அது சலாம்தான்."

எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பேன்? கபர்ஸ்தானுக்குள் பெண்கள் போவது நம் ஊரில் வழக்கமில்லை. வெள்ளிக்கிழமை பகலில் போய் மதில் ஓரமாக நின்று பார்த்தேன். உள்ளே நீங்கள் எந்தப் பக்கம் என்று சின்னத்தா கையைக் காட்டிச் சொல்லியிருக்கிறார், ஆனாலும் சரியாகத் தெரியவில்லை. அவரிடமே சொல்லி அனுப்பலாம். போனில் பேசிக்கொண்டே போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுவார். ஆனால் ஒப்படைத்தது என்னிடம். அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். அந்த வகுப்புப் பிள்ளைகளில் யாராவது படித்தால் நல்லது.

அத்தா, அயர்லாந்திலிருந்து ஒரு அம்மா உங்களுக்கு சலாம் சொல்லியிருக்கிறார். வயசானவர், நல்லவராகத் தெரிகிறார். நீங்கள் மாத்திரையை ஒளித்து வைப்பதைக் கேட்டு அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உங்களைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் அவரைப் பிடித்துப்போயிருக்கும். மலையாளத்திலேயே பேசிச் சமாளித்திருப்பீர்கள்.

நாளைக்கு டியூட்டிக்குப் போகுமுன் அவருக்குப் பதில் எழுதிவிடுவேன். சாரிடம் காட்டித் திருத்தாமல், எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலேயே எழுதுவேன். "உங்கள் சலாமை என் அத்தாவிடம் சேர்த்திருக்கிறேன். அவர் கம்பத்துக் கபர்ஸ்தானில் இருக்கிறார். நான் உங்களிடம் சொன்னபடி அவர் கண் திறக்கவில்லை. இதைப் படித்த பிறகும் கூப்பிட்டால் வருகிறேன்." இவ்வளவுதான் எழுதப்போகிறேன். கூப்பிடாவிட்டால் அதே வாசல் வழியாகவே வேலைக்குப் போய்க்கொண்டிருப்பேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு, அத்தா. மற்றவர்கள் என்ன சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும், இனி என் வாயால் உங்களைப் பிழைக்க வைக்க மாட்டேன்.

உங்கள் மூத்த மகள்,
ரஹ்மத் நிஷா